பழைய ஜெபத்துக்குப் புதிய மெட்டு: யூத வழிபாட்டு இசையமைப்பு, ஓர் எளிய அறிமுகம்

வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்குகிறது. ஜெப ஆலயத்திலிருந்து திரும்பியவர்கள் உணவு மேசையைச் சுற்றி நின்று, வீட்டுக்கு வரும் தேவதூதர்களை வரவேற்கும் 'ஷாலோம் அலேகெம்' பாடலைப் பாடுவார்கள். அதற்குப் பல மெட்டுகள் இருந்தாலும், ஒரு மெட்டு மட்டும் உலகெங்கும் பரவியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போலந்துக் கிராமம் ஒன்றைச் சொல்வார் ஒருவர். ஏதோ ஒரு ஞானியின் வாயிலிருந்து பிறந்தது என்பார் இன்னொருவர். உண்மையில் அது 1918இல் நியூயார்க்கில் பிறந்த மெட்டு. அமைத்தவர் புரூக்ளினில் பணியாற்றிய இஸ்ரேல் கோல்ட்ஃபார்ப் எனும் ரபி, அதாவது யூத மதகுரு. மோசே சீனாய் மலையிலிருந்தே கொண்டுவந்த மெட்டு என்று பலர் நம்பும் அளவுக்கு அது பரவிவிட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் உதிர்ந்து, பாட்டு ஊர்ச்சொத்தாகிவிட்டது.

யூத வழிபாட்டுக்கு இசையமைப்பவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். மேடைப் பாட்டின் வெற்றி அமைத்தவரின் பெயரை ஊரறியச் செய்கிறது. இங்கே நடப்பது நேர்மாறானது. புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும். ஆனால் பாடுகிறவர்களின் வாயில் அது பழையதைப்போல் உட்கார வேண்டும். இந்த இசையைப் பற்றி எதுவும் அறியாதவருக்கு, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிப்பார்க்கிறேன்.

சொல்லில் கை வைக்க முடியாது

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாடல் வரிகளைப் பொதுவாக யாரும் புதிதாக எழுதுவதில்லை. யூத ஜெபங்களின் முழு வரிசையைத் தொகுத்துத் தரும் மிகப் பழைய ஜெபநூல், பாபிலோனியாவில் வாழ்ந்த அம்ராம் காவோன் 9ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. இன்று கையில் எடுக்கும் ஜெபப் புத்தகத்தின் எலும்புக்கூடு ஏறத்தாழ அதுவே. நாள்தோறும் மூன்று வேளை ஜெபம். சபாத்திலும் பண்டிகையிலும் கூடுதலாக ஒன்று. வழக்கமாக வருபவர்களுக்குப் பெரும்பகுதி மனப்பாடம். ஒரு சொல் பிசகினாலும் பின்வரிசையிலிருந்து யாராவது உரக்கத் திருத்துவார்கள்.

சொல் அசையாமல் நிற்பதால் புதுமை முழுவதும் இசையின் பக்கம் வந்து சேர்கிறது. அதற்கு வேதத்திலேயே சான்று காட்டலாம். துதிப்பாடல்களின் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில் 96, 98, 149 ஆகிய மூன்று சங்கீதங்களும் கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடச் சொல்லியே ஆரம்பிக்கின்றன. எருசலேம் ஆலயத்தில் லேவியர்கள் சுரமண்டலமும் கைத்தாளமும் வைத்துப் பாடிய அந்தப் பழைய பாட்டு எப்படி ஒலித்தது என்பதற்குக் குறிப்பு எதுவும் மிஞ்சவில்லை. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தபோது அந்த இசைமரபும் அறுந்தது. ஆகவே இன்று 'பாரம்பரியம்' என்று சொல்லப்படும் மெட்டுகள் எல்லாமே பின்னால் யாரோ ஒருவர் புதிதாகப் பாடியவை. புதுமையை எதிர்ப்பவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆலயத்தின் அழிவு இன்னொரு விளைவையும் விட்டுச்சென்றது. மரபுவழி யூதர்கள் சபாத்தில் வாத்தியம் இசைப்பதில்லை. ஆலயம் இல்லாத துக்கம் ஒரு காரணம். வாத்தியம் பழுதானால் கை தானாகவே அதைச் செப்பனிடப் போகும், அது ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலை என்று யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் சொல்வது மற்றொரு காரணம். எனவே மரபுவழிச் சபைக்கு எழுதுபவரிடம் பியானோவும் இல்லை, கிதாரும் இல்லை. மனிதக் குரல் மட்டும்தான்.

மூன்று அடுக்குகள்

ஜெப ஆலயத்தில் காதில் விழும் இசையை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

அடியில் இருப்பது வேத வாசிப்பு. மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்ற இறக்கக் குறி உண்டு. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் திபேரியாவில் இருந்த அறிஞர்கள் இவற்றைப் புத்தக வடிவ ஏடுகளில் நிலைப்படுத்தினார்கள். தோராச் சுருளிலோ இந்தக் குறிகள் எதுவும் இராது; வாசிப்பவர் மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். இங்கே இசையமைப்பாளருக்கு வேலை இல்லை.

நடுவில் இருப்பது 'நுசாக்'. இதுதான் மொத்த விஷயத்துக்கும் அச்சாணி. ஒவ்வொரு ஜெப வேளைக்கும் உரிய சுரவரிசை, அதற்கே உரிய தொடக்கங்கள், முடிப்புகள், சிறு பிடிகள் எல்லாம் சேர்ந்தது நுசாக். ஜெபத்தை நடத்தும் 'ஹசான்' இந்த எல்லைக்குள் தாளக்கட்டு இல்லாமல் ஓதிக்கொண்டே போவார். தேவாரப் பண்களைப் பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என்று ஓதுவார்கள் பிரித்து வைத்திருப்பது தெரிந்தவருக்கு இது சட்டென்று விளங்கும். அங்கே பிரிவு பகலும் இரவும் என்றால், இங்கே வாரநாள், சபாத், பண்டிகை, ஆண்டுத் தொடக்கம் என்று நாட்காட்டி முழுவதும் பிரிகிறது. 'பாரெகு' எனும் ஒரே அழைப்பு வாரநாள் மாலையில் ஒரு விதமாகவும், வெள்ளிக்கிழமை மாலையில் வேறு விதமாகவும், பாவமன்னிப்பு வேண்டும் நோன்புநாளான யோம் கிப்பூரின் மாலையில் முற்றிலும் வேறாகவும் ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தாலும் இன்று என்ன நாள் என்று காது சொல்லிவிடும்.

ஐரோப்பிய யூத மரபில் மூன்று சுரவரிசைகள் முக்கியம். 'அஹவா ரப்பா' என்பதன் சுரங்களைக் கர்நாடக இசைக்காரர் பாடிப்பார்த்தால் வகுளாபரணத்தின் சுரங்கள் வந்து நிற்கும். 'மாகென் அவோத்' நடபைரவியின் சுரங்கள். 'அதோனாய் மாலாக்' ஏறக்குறைய ஹரிகாம்போதி. மேல்ஸ்தாயியில் மட்டும் காந்தாரம் இறங்கி ஒலிப்பது உண்டு. ராகம் என்றால் வெறும் ஆரோகண அவரோகணம் இல்லை அல்லவா? நுசாக்கும் அப்படித்தான். சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பிடிகளை விட்டுவிட்டால், கேட்பவருக்கு ஜெபம் கேட்காது. யூதக் கல்யாணப் பாட்டுதான் கேட்கும்.

சிரிய யூதர்களின் முறை இன்னும் நுணுக்கமானது. அவர்கள் அரபு இசையில் ராகம் போன்ற மகாம்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் வாசிக்கப்படும் தோராப் பகுதிக்கு ஏற்ப அந்தச் சபாத்தின் மகாம் மாறும். துக்கமான பகுதி வந்தால் ஹிஜாஸ். விருத்தசேதனம் பற்றிய பகுதி வந்தால் சபா. அங்கே ஹசானுக்கு ஆண்டு முழுவதற்குமான பட்டியல் உண்டு.

மேல் அடுக்கு, தாளத்தோடு எல்லோரும் சேர்ந்து பாடும் மெட்டுகள். புதிய இசை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. ஜெபத்தின் நடுவே மெட்டு எங்கே சுற்றினாலும், ஆசீர்வாத வாக்கியத்தில் முடியும்போது நுசாக்குக்குத் திரும்பியாக வேண்டும். அந்தப் பழகிய முடிப்பைக் கேட்டுத்தான் சபை 'ஆமென்' சொல்லும். முடிப்பைப் புதுமையாக்கினால் ஆமென் தடுமாறும். பத்துப் பேர் ஓரிடத்திலும் மற்றவர்கள் வேறிடத்திலும் சொல்வார்கள்.

யோம் கிப்பூர், புத்தாண்டான ரோஷ் ஹஷானா ஆகிய பெருநாட்களுக்கு உரிய சில மெட்டுகள் ரைன் நதிக்கரை யூதர்களிடமிருந்து வந்தவை. 'சீனாயிலிருந்து வந்தவை' என்றே அவற்றுக்குப் பட்டம். யோம் கிப்பூரைத் தொடங்கிவைக்கும் 'கோல் நித்ரே' மெட்டு அவற்றில் பெயர்பெற்றது. இவற்றை மாற்றத் துணிபவர் மிகக் குறைவு.

ஒரு பாட்டை வைத்துப் பார்ப்போம்

வெள்ளிக்கிழமை மாலை, சபாத்தை மணப்பெண்ணாக உருவகித்து வரவேற்கும் 'லெகா தோதி' பாடலை எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் ஷ்லோமோ அல்காபெத்ஸ் எழுதியது. முதல் எட்டுச் சரணங்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் ஷ்லோமோ ஹலேவி என்று அவர் பெயர் வரும். எழுத்தாளர் தன் பெயரைப் பத்திரப்படுத்திய இடம் இது. இந்தப் பாடலுக்கு எழுதப்பட்ட மெட்டுகளை எண்ணி முடிக்க முடியாது. சபாத்தை வரவேற்கும் இந்தப் பகுதியே காலத்தால் பிந்தியது, சட்டக் கெடுபிடி குறைந்தது என்பதால் இசையமைப்பாளருக்கு இங்கே கை தாராளமாக விடப்பட்டிருக்கிறது.

ஒரு பல்லவி, ஒன்பது சரணங்கள். ஒவ்வொரு சரணத்திலும் மூன்று சிறு வரிகள் தமக்குள் இயைபு கொண்டிருக்கும். நான்காவது வரி 'லா' என்று முடிந்து பல்லவியின் இயைபைப் பிடித்துக்கொள்ளும். இந்த அமைப்பே இசையமைப்பாளருக்கு வழி காட்டுகிறது. மூன்று வரி ஏறிக்கொண்டே போகலாம். நான்காவதில் இறங்கிப் பல்லவியின் வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். பல்லவி எளிதாக இருக்க வேண்டும், அதைப் பாடப்போவது எல்லோரும் என்பதால். சரணம் சற்றுச் சவாலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்பது சரணத்துக்கும் ஒரே மெட்டு என்றால் அலுத்துவிடும். அதனால் பல சபைகளில் ஆறாவது சரணமான 'லோ தேவோஷி'யில் மெட்டை மாற்றுவார்கள், பெரும்பாலும் துள்ளலாக. அந்தச் சரணத்தில்தான் எருசலேமைப் பார்த்து, வெட்கப்படாதே என்று தேற்றும் குரல் எழுகிறது. கடைசிச் சரணத்தில் சபை முழுவதும் எழுந்து வாசல் பக்கம் திரும்பி, மணப்பெண்ணுக்குத் தலைவணங்கும். திரும்பவும் குனியவும் நேரம் வேண்டும். மூச்சுமுட்ட விரையும் மெட்டு அந்த இடத்தில் நொண்டும். இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து சுரம் எழுதும்போது உணர முடியாது. எழுந்து நின்று, திரும்பி, குனிந்து பாடிப்பார்க்க வேண்டும்.

அடுத்தது சொல்லழுத்தம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் எபிரேயச் சொற்களில் பெரும்பாலும் ஈற்றுக்கு முந்தைய அசையில் அழுத்தம் வைப்பார்கள். இஸ்ரேலில் இன்று வழங்கும் உச்சரிப்பில் பெரும்பாலான சொற்களுக்கு அழுத்தம் இறுதியில் விழுகிறது. 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அருமையான மெட்டுகள் பல முந்தைய உச்சரிப்புக்கு அளவெடுத்துத் தைத்தவை; இன்றைய உச்சரிப்பில் பாடினால் தாளத்தின் பலமான அடி தவறான அசையில் விழும். ஆகவே, யார் பாடப்போகிறார்கள் என்பதை முடிவு செய்யாமல் முதல் சுரத்தைக்கூட எழுத முடியாது.

சொற்களைத் திரும்பத் திரும்பப் பாடலாமா என்பது பெரிய வழக்கு. ஜெபத்தில் 'மோதிம்' எனும் நன்றிச் சொல்லை இரண்டு முறை சொல்பவரை வாயடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னா. இரண்டு கடவுள்களுக்கு நன்றி சொல்வதுபோல் தொனிக்குமாம். 'ஷெமா' அறிக்கைக்கும் இதே விதியைத் தல்மூத் நீட்டுகிறது. மற்ற ஜெபங்களில் என்ன செய்வது என்பதில் ரபிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. கண்டிப்பானவர்கள் எங்குமே திருப்பிச் சொல்லக் கூடாது என்பார்கள். மேலைநாட்டுக் கூட்டிசைக்கோ ஒரே சொல்லைப் பல குரல்களில் பத்து முறை திருப்பினால்தான் மூச்சே வரும். மெட்டு நீளமாகவும் சொல் குறைவாகவும் இருந்தால் ஹசான்கள் கையாளும் ஒரு பழைய தந்திரம், மீதி இடத்தை 'ஆய் ஆய்', 'லை லை' என்ற பொருளற்ற ஒலிகளால் நிரப்புவது.

ஒத்திகைக்கும் ஒரு விதி உண்டு. கடவுளின் பெயரை வீணாக உச்சரிக்கக் கூடாது என்பதால், பயிற்சியின்போது மரபைப் பேணுபவர்கள் அந்த இடத்தில் 'ஹஷெம்' என்ற மாற்றுச் சொல்லைப் பாடுவார்கள். இரண்டுக்கும் அசைகளின் எண்ணிக்கை வேறு. முதல்முறை பாடுபவர் கட்டாயம் சறுக்குவார்.

புதுமைக்கு எதிராக எழுந்த குரல்கள்

1605இல் இத்தாலியின் ஃபெராரா நகரில் சில பாடகர்கள் சபாத்திலும் பண்டிகையிலும் பல குரல் இணைப்போடு ஜெபப் பாடல்களைப் பாடினார்கள். ஆலயம் அழிந்த பிறகு இசை இன்பம் யூதருக்கு ஆகாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அங்கே இருந்த ரபி லெயோனே மொதேனா, இது தடை செய்யப்பட்டதல்ல, கடவுளைப் புகழும் நற்செயலே என்று தீர்ப்பு எழுதினார். வெனிஸ் நகர ரபிகள் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகளுக்குப் பின் ஓர் இசைப் புத்தகத்தின் முகப்பில் அச்சானது. புத்தகம் சலமோனே ரோஸியுடையது. மாந்துவா நகரின் கொன்சாகா அரண்மனையில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் மொந்தெவெர்தி பணியாற்றிய அதே காலத்தில் அங்கே இசைத்தவர் ரோஸி. யூதர்கள் அணிந்தாக வேண்டிய மஞ்சள் அடையாளத்திலிருந்து 1606இல் அவருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். 1622-23இல் வெனிசில் வெளிவந்த அவருடைய எபிரேயத் தொகுப்பில் மூன்று முதல் எட்டுக் குரல்களுக்கான 33 இசையமைப்புகள் உள்ளன. ஜெப ஆலயத்துக்கென்று பல குரல் இசை இவ்வாறு அச்சானது அதுவே முதல் முறை.

அச்சகத்தில் ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. இசைக்குறிப்பு இடமிருந்து வலமாகப் போகிறது. எபிரேயமோ வலமிருந்து இடமாக. எதைத் திருப்புவது? சுரங்களை வழக்கம்போல் இடமிருந்து வலமாக வைத்து, எபிரேயச் சொற்களை அவற்றின் இயல்பான திசையிலேயே கீழே அச்சிட்டார்கள். பாடகரின் கண் சுரத்தில் ஒரு பக்கமும் சொல்லில் எதிர்ப்பக்கமும் ஓட வேண்டியிருந்தது. சொற்கள் அவர்களுக்கு மனப்பாடம் என்பதால் சமாளித்திருப்பார்கள். 1630இல் படையெடுப்பில் மாந்துவா சூறையாடப்பட்டு யூதர்கள் விரட்டப்பட்டபோது ரோஸியைப் பற்றிய தகவலும் நின்றுபோகிறது. அந்த இசை 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் மறுபதிப்புக் காணும்வரை உறங்கியது.

அடுத்த பெரும் அலை வியன்னாவில் எழுந்தது. 1826இல் திறக்கப்பட்ட ஜெப ஆலயத்தின் ஹசான் சலமோன் சுல்சர், பழைய ஓதல்களைச் சீர்செய்து பாடகர் குழுவுக்கு எழுதினார். கிறிஸ்தவ இசையமைப்பாளர்களிடமும் கேட்டு வாங்கினார். ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1828இல், தான் இறந்த அதே ஆண்டில், 92ஆம் சங்கீதத்துக்கு எபிரேயத்திலேயே இசையமைத்துக் கொடுத்தார். பெர்லினில் லூயி லெவாண்டோவ்ஸ்கி ஆர்கனோடு சேர்த்து எழுதினார். ஆர்கன் நுழைந்ததும் சபைகள் இரண்டுபட்டன. அது தேவாலயத்து வாத்தியம், இங்கே எதற்கு என்று ஒரு சாரார். இந்தச் சண்டை ஜெர்மனியில் பல பத்தாண்டுகள் ஓடியது.

20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெரிய இசையமைப்பாளர்களிடம் ஜெப இசை கேட்டு வாங்குவது ஒரு வழக்கமாகவே ஆனது. நியூயார்க்கின் பார்க் அவென்யூ ஜெப ஆலயத்துக்காக லியோனார்ட் பெர்ன்ஸ்டைனும் கர்ட் வைலும் 1940களில் எழுதினார்கள். எர்னஸ்ட் புளோக் 1933இல் முடித்த பெரிய ஜெப இசைக்கோவை இன்றும் கச்சேரி மண்டபங்களில் ஒலிக்கிறது. அருமையான இசைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கச்சேரி மண்டபம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பாட ஒரு தேர்ந்த குரலும் பயிற்சி பெற்ற குழுவும் வேண்டும். சபை வாய்மூடிக் கேட்கிறது. ஜெபிக்க வந்தவர் ரசிகராகிவிடுகிறார்.

இதற்கு மறுமொழியாக வந்தவர் டெபி ஃபிரீட்மன். 1951இல் பிறந்தவர். கிதாரும் கையுமாக, சீர்திருத்த யூதர்களின் கோடைக்கால இளைஞர் முகாம்களில் பாடி வளர்ந்தார். 1970களில் அவர் அமைத்த எளிய மெட்டுகளை முகாமில் கற்ற பிள்ளைகள் ஊர் திரும்பி, ஜெப ஆலயத்திலும் அதையே பாட வேண்டும் என்றார்கள். பயிற்சி பெற்ற ஹசான்கள் பலருக்கு எரிச்சல். முகாம் தீயைச் சுற்றிப் பாடும் பாட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவருவதா என்று. நோயாளிகளுக்கான பழைய 'மி ஷெபேராக்' ஜெபத்தை எபிரேயமும் ஆங்கிலமும் கலந்து அவர் பாடலாக்கியது 1980களின் பிற்பகுதியில் வந்தது. இன்று அமெரிக்காவில் எத்தனையோ சபைகளில் நோயுற்றோரின் பெயர்களைச் சொல்லும் நேரத்தில் அதுவே ஒலிக்கிறது. 2011இல் அவர் இறந்த பின், சீர்திருத்த யூதர்களின் ஹசான் பயிற்சிப் பள்ளிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். ஏளனம் செய்தவர்களின் வாரிசுகள் இப்போது அவர் பெயர் பொறித்த பட்டம் வாங்குகிறார்கள்.

பெயர் மறைவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ரபியும் பாடகருமான ஷ்லோமோ கார்லேபாக்கின் மெட்டுகள் வெள்ளிக்கிழமை மாலை ஜெபத்தை உலகெங்கும் மாற்றியமைத்தன. அந்தப் பாணிக்கே அவர் பெயர்தான். 1994இல் அவர் இறந்த பின், பெண்கள் பலர் அவர் மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளைப் பொதுவெளியில் வைத்தார்கள். அதன் பிறகு சில சபைகள் அவர் மெட்டுகளைப் பாடுவதை நிறுத்தின, சில தொடர்கின்றன. அமைத்தவர் யார் என்று தெரியாத மெட்டுக்கு இந்தச் சங்கடம் வராது.

கடன் வாங்கிய மெட்டு

புதிதாக அமைப்பதற்குப் பதில், ஊரில் ஒலிக்கும் மெட்டை எடுத்து ஜெபச் சொல்லைப் பொருத்துவதும் ஒரு பழைய வழி. சஃபேத்தில் இஸ்ரேல் நஜாரா, துருக்கி, அரபு, ஸ்பானியப் பாடல்களின் மெட்டுகளுக்கு எபிரேயப் பாக்கள் எழுதி 1587இல் புத்தகமாகவே வெளியிட்டார். சிரிய யூதர்கள் எகிப்தியத் திரையிசை மெட்டுகளிலும் ஜெபித்தார்கள். இஸ்ரேலின் தலைமை ரபியாக இருந்த ஓவாதியா யோசேஃப் அதை அனுமதித்து எழுதியிருக்கிறார். ஹசிதியர் எனும் யூத பக்தி இயக்கத்தின் ஹபாத் பிரிவினர் நெப்போலியன் படையின் அணிவகுப்பு மெட்டு என்று தாம் கருதும் ஒன்றை யோம் கிப்பூரின் இறுதி ஜெபத்தில் பாடுகிறார்கள். தாழ்ந்த இடத்தில் சிக்கிய மெட்டை மீட்டு உயர்த்துவது அவர்களுக்கு ஆன்மிகப் பணி. சொல்லே இல்லாத 'நிகுன்' எனும் மெட்டுவகையை வளர்த்தவர்களும் ஹசிதியர்களே.

திசை மாறிய வரவும் உண்டு. நூரித் ஹிர்ஷ் 1969இல் ஒரு பாட்டு விழா மேடைக்காக 'ஓசே ஷாலோம்' ஜெப வரிக்கு மெட்டமைத்தார். அது மேடையிலிருந்து இறங்கி நேராக ஜெப ஆலயத்துக்குள் போய்விட்டது.

ஒரு கிப்புட்ஸில் நடந்தது

புதிய ஜெப இசை என்ன செய்ய வல்லது என்று கேட்பவருக்கு நான் சுட்டுவது பெய்த் ஹஷித்தா. வடக்கு இஸ்ரேலில் உள்ள கிப்புட்ஸ், மதச்சார்பற்ற கூட்டுப்பண்ணை. அங்கே ஜெபம் வழக்கமில்லை. 1973 அக்டோபரில் யோம் கிப்பூர் அன்று தொடங்கிய போரில் அந்தச் சிறிய ஊர் 11 பேரை இழந்தது. அதன் பிறகு அங்கே யோம் கிப்பூர் நினைவுநாளாகிவிட்டது.

யாயீர் ரோசன்பிளூம் இஸ்ரேலின் ராணுவ இசைக்குழுக்களுக்குப் பாட்டமைத்துப் புகழ்பெற்றவர்; மதப் பாடகர் அல்லர். 1990இல் சில காலம் அந்தக் கிப்புட்ஸில் தங்கியிருந்தபோது, யோம் கிப்பூர் மாலைக்கு ஏதேனும் செய்ய விரும்பினார். ஜெபப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது 'உனெதானே தோகெஃப்'. வரும் ஆண்டில் யார் வாழ்வார், யார் சாவார், யார் தண்ணீரால், யார் நெருப்பால், யார் வாளால் என்று அடுக்கிக்கொண்டு போகும் இடைக்காலக் கவிதை அது. மரபில் அதைப் பாடுவது பகல் ஜெபத்தில். அவர் மாலைக் கூட்டத்துக்கு வைத்தார். இசையில் ஐரோப்பிய ஹசான்களின் விம்மலும் கிழக்கத்திய யூதரின் நெளிவும் இஸ்ரேலியப் பாட்டின் எளிமையும் கலந்தன. ஹனோக் அல்பலாக் எனும் கிப்புட்ஸ்வாசி அதைப் பாடினார். 'யார் வாளால்' என்ற வரியை அந்த ஊர் எப்படிக் கேட்டிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஜெபம் வழக்கமில்லாத ஊருக்காக எழுதிய மெட்டு, பின்னர் இஸ்ரேலின் ஜெப ஆலயங்களுக்குள்ளும் பரவியது. பெருநாள் மெட்டுகளை மாற்றத் துணிபவர் மிகக் குறைவு என்று மேலே சொன்னேன். விதிவிலக்கு இப்படித்தான் வந்தது. சொல்லில் ஏற்கெனவே இருந்த கனத்தை ஒரு தலைமுறையின் துக்கத்தோடு மெட்டு இணைத்துவிட்டது.

சபைக்குள் கொண்டுபோவது

மெட்டு தயாரானால் பாதி வேலைதான் முடிந்தது. மரபைப் பேணும் சபையில் சபாத்தன்று ஒலிப்பதிவு செய்ய முடியாது, குறிப்பெடுக்க முடியாது, கைபேசியில் போட்டுக் காட்ட முடியாது. காதால் கேட்டு அங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் அனுபவசாலிகள் முதலில் சொல்லை விட்டுவிட்டு, நிகுன் போல 'லை லை' என்றே மெட்டைச் சில முறை பாடுவார்கள். சபையின் வாய்க்கு அது பழகிய பிறகு ஜெபச் சொல்லை ஏற்றுவார்கள். பலம் வாய்ந்த ஐந்தாறு குரல்களை வாரநாளில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்து, அவர்களை ஒரே வரிசையில் உட்காரவைக்காமல் அறை முழுவதும் பரப்பி வைப்பது இன்னொரு வழி. ஒரு வாரம் பாடிவிட்டு அடுத்த வாரம் வேறு மெட்டுக்குத் தாவினால் ஒன்றும் நிற்காது. தொடர்ந்து சில வாரங்கள் பிடிவாதமாகப் பாட வேண்டும்.

யார் பாடலாம் என்பதும் சபைக்குச் சபை மாறும். மரபுவழிச் சபைகளில் ஆண்கள் நடுவே பெண் தனித்துப் பாடுவதற்குத் தடை உண்டு. சீர்திருத்தப் பிரிவு 1975இலேயே முதல் பெண் ஹசானுக்குப் பட்டம் அளித்தது. ஆண்குரலை மனதில் வைத்து எழுதிய மெட்டு பெண்கள் நடத்தும் சபையில் எட்டாத ஸ்தாயிக்குப் போய்விடும் என்பதால், இரு பாலாரும் சேர்ந்து பாடும் இடத்துக்கு ஒரு ஸ்தாயி அளவுக்குள் மெட்டை அடக்குவது நல்லது.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், யோம் கிப்பூரிலும் வேண்டாம், நின்றுகொண்டு சொல்லும் மைய ஜெபமான அமிதாவிலும் வேண்டாம். சபாத் காலை ஜெபத்தின் கடைசியில் வரும் 'அதோன் ஓலாம்' பொருத்தமானது. அரையடிக்கு எட்டு அசை என்று சீராக ஓடுவதால் உலகின் எந்த மெட்டிலும் அது உட்காரும். விளையாட்டுப் பிள்ளைகள் சினிமாப் பாட்டு மெட்டில்கூடப் பாடிவிடுவார்கள். அந்த நேரத்தில் பெரியவர்கள் ஜெபச் சால்வையைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து அறையில் தின்பண்டம் காத்திருக்கும். மெட்டு எடுபடாவிட்டால் யாரும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரம் வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம்.